கசாப்புக் கொக்கியும் பாப் மாமாவும்: பழைய பிரிட்டிஷ் பேச்சுவழக்கு, கேள்வி-பதில்

கேள்வி: நான் படிக்கும் லண்டன் கதையில் ஒருவன் 'லெட்ஸ் ஹாவ் எ புட்சர்ஸ்' என்கிறான். அந்த இடத்தில் கசாப்புக் கடையே இல்லையே?

கடை தேவையில்லை. 'கொஞ்சம் பார்ப்போம்' என்கிறான், அவ்வளவுதான். 'புட்சர்ஸ் ஹுக்' என்றால் கசாப்புக் கடைக் கொக்கி. 'ஹுக்', 'லுக்' இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. நம் யாப்பில் இயைபு என்போமே, அதுதான். 'லுக்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'புட்சர்ஸ் ஹுக்' என்றார்கள். அப்புறம் அந்த 'ஹுக்'கையும் விழுங்கிவிட்டு 'புட்சர்ஸ்' என்று நிறுத்திக்கொண்டார்கள். பொருளைக் காட்டிக்கொடுக்கும் சொல்லே காணாமல் போய்விடுவதால், அகராதியில் 'புட்சர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இது கிழக்கு லண்டனின் காக்னி எனப்படும் உழைக்கும் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் வழக்கு. 1859-இல் வெளிவந்த ஜான் கேம்டன் ஹாட்டனின் கொச்சைச்சொல் அகராதி இதற்கென்று ஒரு தனிப்பகுதியே ஒதுக்கியது. தெருத்தெருவாகப் பாடிப் பாட்டுத்தாள் விற்றவர்களின் பேச்சு இது என்கிறார் அவர். பாடிப் பிழைத்தவர்களின் நாவில் ஓசை விளையாட்டு பிறந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இந்த வழியைப் பிடித்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கும். 'லோஃப் ஆஃப் பிரெட்' என்பது 'ஹெட்'. ஆகவே 'யூஸ் யுவர் லோஃப்' என்றால் மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து. 'போர்க் பை' என்பது 'லை'. 'போர்க்கீஸ்' சொல்கிறான் என்றால் புளுகுகிறான். 'சைனா பிளேட்' என்பது 'மேட்'. 'மை ஓல்ட் சைனா' என்று கூப்பிடுபவன் நண்பனைக் கூப்பிடுகிறான், சீனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலைமுடிக்கு 'பார்னெட்' என்று பெயர் வந்தது லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் கூடிய சந்தையால்: 'பார்னெட் ஃபேர்', 'ஹேர்'. ஆனால் எல்லாத் தொடரும் இப்படிச் சுருங்கவில்லை. தொலைபேசியை, அதாவது 'ஃபோன்' என்பதை, 'டாக் அண்ட் போன்' (நாயும் எலும்பும்) என்று முழுதாகவே சொல்வார்கள்.

கேள்வி: 'டூ பாப் அண்ட் எ டானர்' என்பது எவ்வளவு பணம்?

பாப் என்பது ஒரு ஷில்லிங். டானர் என்பது ஆறு பென்ஸ், அதாவது அரை ஷில்லிங். ஆக, இரண்டரை ஷில்லிங். 'ஹாஃப் கிரவுன்' என்ற நாணயத்தின் மதிப்பும் அதுவே. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எத்தனை ஷில்லிங் ஆனாலும் 'பாப்' தான், 'பாப்ஸ்' என்று பன்மை ஆக்க மாட்டார்கள். 1971 பிப்ரவரி 15-இல் நூறு பென்ஸ் ஒரு பவுண்டு என்று கணக்கு மாறியதும் ஷில்லிங், டானர் கணக்கு போய்விட்டது. பவுண்டைக் குறிக்கும் 'குவிட்' மட்டும் இன்றும் தினசரிப் பேச்சில் இருக்கிறது.

கேள்வி: 'பாப்ஸ் யுவர் அங்கிள்' என்பதில் வரும் பாப் யார்? அதுவும் ஷில்லிங்கா?

இல்லை, இது ராபர்ட் என்ற பெயரின் சுருக்கம். 'இடது பக்கம் திரும்பு, பாலத்தைத் தாண்டு, பாப்ஸ் யுவர் அங்கிள்' என்றால், வீடு வந்தாச்சு, வேலை சுலபம் என்று பொருள். பிரதமர் சாலிஸ்பரி பிரபு ராபர்ட் 1887-இல் தம் சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபருக்கு அயர்லாந்து விவகாரங்களுக்கான அமைச்சர் பதவி கொடுத்தார். மாமா பாப் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று மக்கள் பேசியதாக ஒரு கதை உண்டு. நியமனம் உண்மை. ஆனால் தொடர் அச்சில் தென்படுவது இருபதாம் நூற்றாண்டில்தான். இடையில் இத்தனை ஆண்டுகள் இருப்பதால் அந்தக் கதையை நான் ஏற்கவில்லை.

கேள்வி: முதல் உலகப்போர் கடிதங்களில் 'பிளைட்டி' என்று ஓர் ஊர் வருகிறது. வரைபடத்தில் கிடைக்கவில்லை.

பிளைட்டி என்றால் பிரிட்டன், வீடு. 'விலாயத்' என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்த 'விலாயத்தி' இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாயில் உருமாறிப் 'பிளைட்டி' ஆயிற்று. விலாயத் என்றால் முதலில் ஒரு மாகாணம், ஆட்சிப் பகுதி. பின்னர் கடலுக்கு அப்பால் உள்ள தேசம். தமிழில் 'சீமை' நடந்து வந்த பாதையும் இதே மாதிரிதான். எல்லை, நிலப்பகுதி என்றிருந்த சொல், 'சீமைக்குப் போய்ப் படித்தவர்' என்னும்போது இங்கிலாந்தைக் குறித்தது. பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய் 'எ பிளைட்டி ஒன்' கிடைத்தது என்று எழுதினால், உயிரைப் பறிக்காத, ஆனால் ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குப் பெரிய காயம் என்று பொருள். அதை நல்ல சேதியாக வீட்டுக்கு எழுதியவர்களின் நிலையை நினைத்தால் மனம் கனத்துப்போகிறது.

கூடவே 'டூலாலி' என்ற சொல்லும் கண்ணில் படலாம். நாசிக் அருகே உள்ள தேவ்லாலியின் பெயர் அது. பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் அங்கிருந்த முகாமில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். துருப்புக் கப்பல்கள் குளிர்காலத்தில்தான் வரும். தவறவிட்டால் மாதக்கணக்கில் வெயிலும் சும்மா இருப்பும்தான். அதில் நிலைகுலைந்தவர்களுக்கு 'டூலாலி டேப்' என்றார்கள். 'டேப்' என்பது காய்ச்சலுக்கான இந்துஸ்தானிச் சொல். இன்று புத்தி தடுமாறியவரை 'டூலாலி' என்று சொல்லும் பலருக்கு அது ஓர் ஊர் என்பதே தெரியாது.

கேள்வி: 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டி எழுந்து போகிறார். என்ன வாங்கப் போனார்?

கழிப்பறைக்குப் போனார். அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவின் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் திறந்தது. 1851-இல் ஹைட் பார்க் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளிலும் கட்டணம் ஒரு பென்னிதான்.