வாசகர் கேள்வி பதில்: பாதி புயல், பாதி வெயில்

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா நியூயோர்க் போனபோது, மெட்ரோபொலிற்றன் மியூசியத்தில் பார்த்த ஓவியம் ஒன்றைப் படமெடுத்து வாட்சப்பில் அனுப்பினார். தோமஸ் கோல் 1836இல் வரைந்த 'த ஒக்ஸ்போ'. இடது பக்கம் புயல், வலது பக்கம் வெயிலும் வயலும், அங்கே வளைந்து போகும் ஆறு. ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: அது மசாசூசெட்ஸில் ஹோலியோக் மலையில் நின்றால் தெரியும் கனெக்டிகட் ஆறு. இடது பக்கம் முறிந்த மரங்களோடு காடு, வலது பக்கம் குடியேறிகள் வெட்டித் திருத்திய நிலம். காடு போய் வயல் வருவது முன்னேற்றம் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள், ஆனால் கோல் அப்படி நிம்மதியாக நம்பியவர் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் 1801இல் இங்கிலாந்தின் போல்ற்றனில், நெசவாலைகள் பெருகிக்கொண்டிருந்த பகுதியில் பிறந்தவர், சிறு வயதில் துணி அச்சுக்கு வடிவம் செதுக்கியவர், 1818இல் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா வந்தவர். ஆலைகள் வந்தால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு வந்த கண் அது. இந்தப் படத்தை வரைந்த அதே 1836இல், கோடரியின் அழிவு நாளுக்கு நாள் கூடுகிறது என்று கட்டுரையும் எழுதினார்.

இப்போது படத்தைப் பெரிதாக்கிக் கீழே பாறைகளுக்கு இடையில் தேடுங்கள். தொப்பி போட்ட சின்ன மனிதர் ஒருவர், வரைவதை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கிறார். அது கோலேதான்! ஏறக்குறைய 2 மீற்றர் அகலமான படத்தில் தன்னை அவ்வளவு சிறிதாக, அதுவும் காட்டுப் பக்கத்தில் வைத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு குறையும் உறுத்துகிறது: குடியேறிகளுக்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த பூர்வகுடிகளை இதில் காணோம். அப்புறம், 1840இல் ஆறே அந்த வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராக ஓடிவிட்டது.

கேள்வி: நானும் வரைவேன். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லையே, எதை வரைவது?
– அதே வாசகி

பதில்: வழுக்கையாறு இருக்கிறதே! மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலில் சேர்கிறது. கோல் வெளியில் போய்ப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து, பெரிய படங்களை அறைக்குள் இருந்துதான் தீட்டினார், உங்களுக்கும் அது வசதி. கார்த்திகையில் நல்ல மழை பெய்த பிறகு போங்கள். வயல், வரம்பு, தண்ணீர் எல்லாம் சரி, பக்கத்தில் எழும்பியிருக்கும் புது மதில்களை அழகில்லை என்று விட்டுவிடாதீர்கள், அவற்றையும் வரையுங்கள்.