ஜெனரிக் தைராய்டு மாத்திரைக்கு மாறிய மூன்றாம் வாரம் படபடப்பு

ஜெனரிக் (மருந்தின் மூலப் பெயரில் விற்கப்படும்) தைராய்டு மாத்திரைக்கு மாறிய மூன்றாம் வாரத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்து, தைராக்ஸின் (மாத்திரையிலுள்ள தைராய்டு ஹார்மோன்) அளவைப் படியுங்கள்.

என் அம்மாவுக்கும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வந்தன. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், 75 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் பொடி எழுத்தில் 100 என்று இருந்தது. இரவெல்லாம் அவர் உட்கார்ந்தே விடிய வைத்ததை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

அளவு ஒன்றாகவே இருந்தாலும், இம்மருந்து மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்வது. நிறுவனம் மாறும்போது உடல் ஏற்கும் அளவில் வரும் சிறு வேறுபாடுகூடச் சிலருக்குத் தெரியும். ஜெனரிக் மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. எதுவானாலும் ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடருங்கள்.

மாறியதிலிருந்து 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வழக்கத்தைவிட மிகக் குறைந்திருந்தால் மருந்து கூடிவிட்டது என்று பொருள். மருத்துவர் அளவைக் குறைப்பார். அதுவரை வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் போடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இதய நோயாளியோ கர்ப்பிணியோ என்றால் இத்தனை வாரம் காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தாறுமாறான நாடித்துடிப்பு இருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.