ஒரு கோட்டை உதிர்த்த எழுத்து

தேநீரைக் குறிக்கும் சீன எழுத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். அதன் ஒலி 'ச்சா'. அழுத்திச் சொல்லுங்கள், மெல்லச் சொன்னால் தமிழில் அபசகுனமாகிவிடும்.

கேள்வி: புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதன் நிற்பதுதான் இந்த எழுத்து என்கிறார்களே?

பதில்: பார்வைக்கு அப்படித்தான். மொத்தம் 9 கோடுகள். உச்சியில் செடிகொடிகளுக்கான தலைப்பாகம், அதன்கீழ் கூரைபோல் இருபுறமும் சரியும் இரு கோடுகள், தனியே நின்றால் அது 'மனிதன்', அடியில் 'மரம்'. தேயிலைக் கடைச் சுவரில் மாட்ட அருமையான விளக்கம். பிறந்த கதை வேறு.

கேள்வி: அந்தக் கதை என்ன?

பதில்: கசப்புக் கீரை ஒன்றுக்கு 'தூ' என்று ஓர் எழுத்து இருந்தது. 10 கோடுகள். செடித் தலைக்குக் கீழே இருந்தது ஒலியைக் காட்டும் பாகம் மட்டுமே. அதில் மனிதனும் இல்லை, மரமும் இல்லை. தேயிலையும் கசப்புதானே, அதற்கும் இதையே எழுதினார்கள். கி.மு. 59இல் வாங் பாவ் வேடிக்கையாக எழுதிய அடிமை ஒப்பந்தத்தில், ஊயாங் போய்த் 'தூ' வாங்கிவர வேண்டும் என்று ஒரு நிபந்தனை வருகிறது. கீரைக்காக ஊர்விட்டு ஊர் அனுப்புவார்களா? தேயிலைதான் என்பது என் கட்சி. தாங் அரசர் காலத்தில் (618–907) தேநீர்ப் பழக்கம் நாடெங்கும் பரவியபோது, நடுவிலிருந்த ஒரு படுக்கைக் கோடு உதிர்ந்தது. 8ஆம் நூற்றாண்டில் தேநீருக்கென்றே லூ யூ எழுதிய நூல், புது வடிவம் நிலைக்கத் துணைசெய்தது.

கேள்வி: பழைய எழுத்து செத்துவிட்டதா?

பதில்: இல்லை. வேலை மும்முரமாக நடப்பதைத் 'தீப்போல, தூப்போல' என்பார்கள். அங்கே 'தூ' வெள்ளைப் பூ. அதைத் 'தீப்போல, தேநீர்போல' என்று படித்து மாட்டிக்கொள்ளும் சீனர்களும் உண்டு.

கேள்வி: 'ச்சா' எப்படி நம்மிடம் 'தே' ஆனது?

பதில்: எழுத்து ஒன்றே, வாசிப்புதான் இரண்டு. பூஜியன் கடற்கரையின் மின்னான் பேச்சில் அது 'தே'. டச்சு வணிகர்கள் அந்த ஒலியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நம் 'தேயிலை'யில் இருப்பதும் அந்த ஒலிதான். பாரசீகம் சுற்றி வந்தது 'சாய்'. மலேசியாவில் 'தே தாரிக்' கேட்பவர் வாயிலும் பூஜியன் ஒலிதான்.

கேள்வி: பிளாக் டீயை எப்படிக் கேட்பது?

பதில்: 'சிவப்புத் தேநீர்' என்று. கோப்பையின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். 'கறுப்பு' என்றால் நொதிக்கவைத்த வேறு வகை வந்து சேரும்.

கேள்வி: தேயிலையே இல்லாதவற்றுக்கும் இந்த எழுத்து வருமா?

பதில்: தாராளமாக. குவாங்டோங்கின் 'குளிர்த் தேநீர்' மூலிகைக் கஷாயம். சிங்கப்பூரின் 'பா குட் தே' பன்றி எலும்புச் சாறு.

கேள்வி: ஜப்பானில் 108 வயதைத் 'தேநீர் வயது' என்பது ஏன்?

பதில்: எழுத்தைப் பிரித்துக் கூட்டும் விளையாட்டு. செடித் தலையை உடைத்தால் இரண்டு 'பத்து': 20. 'மரம்' உடைந்தால் 'பத்து', 'எட்டு'. கடைக்காரர் காட்டிய அந்த மனிதன் இங்கே இன்னோர் 'எட்டு' ஆகிவிடுகிறான். எட்டு, பத்து, எட்டு என்று வரிசையாகப் படித்தால் 88. ஆக 108.