டிஜிட்டல் நூலகத்துக்கு அரசு மானியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் சங்க நூலகத்தில் 500 பழைய நூல்கள் உள்ளன. ஸ்கேன் செய்ய மத்திய அரசு மானியம் கேட்கிறோம். மதிப்பீட்டை எப்படிப் போடுவது?

பதில்: நூல் கணக்கை விட்டுப் பக்கக் கணக்கில் தொடங்குங்கள். நூலுக்குச் சராசரி 200 பக்கம் என்றால் மொத்தம் 1 லட்சம் பக்கம். டெமி அளவுப் பக்கம் (5.5க்கு 8.5 அங்குலம்) 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சுமார் 12.6 எம்.பி. வரும். அப்படியானால் மொத்தம் 1.26 டி.பி. மூன்று பிரதி வைத்தால் (ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்) 3.8 டி.பி. பொடி எழுத்து, மங்கிய அச்சு என்றால் 400 டிபிஐ வேண்டும். கோப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகும்.

ஸ்கேனர் விலையைப் பைசா சுத்தமாக எழுதிவிட்டு ஆள் கூலியை மறந்துவிடுகிறார்கள். நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பொருள் எல்லாம் பார்த்துப் பதிய நூலுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 நூலுக்கு 167 மணி நேரம். ஒருவருக்கு 21 வேலை நாள். விட்டுப்போன பக்கம், மடிந்த ஓரம் பார்ப்பது தனி. தாள் ஒடிகிற நூலைத் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் விடவே கூடாது. மேலிருந்து படம் எடுக்கும் வகையும், நூலை முழுக்க விரிக்காமல் தாங்கும் V வடிவத் தொட்டிலும் கேளுங்கள்.

கேள்வி: மானியப் பணம் 8 மாதம் வங்கியில் கிடந்தது. வட்டியில் ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் திரும்பி வந்துவிட்டது. ஏன்?

பதில்: அந்த வட்டி உங்களுடையது அல்ல. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் விதி 230(8)-இன்படி, கணக்கு முடிந்ததும் வட்டியை மத்திய அரசின் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதியில் கட்டிவிட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளச் சொல்லவும் முடியாது. ஹார்ட் டிஸ்க் செலவைச் சங்கத்தின் சொந்தப் பணத்துக்கு மாற்றி, வட்டியை மத்திய அரசுக்கு இணையத்தில் பணம் கட்டும் பாரத்கோஷ் தளம் வழியாகக் கட்டி, ரசீதுடன் சான்றிதழுக்கான ஜி.எஃப்.ஆர். (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தை மறுபடி அனுப்புங்கள்.

அந்தப் படிவத்தில் செலவு பொது, சம்பளம், மூலதனச் சொத்து என மூன்றாகப் பிரியும். மூலதனத்துக்கு 4 லட்சம் ஒதுக்கியிருக்க 4.6 லட்சத்துக்கு ஸ்கேனர் வாங்கினால், பொதுத் தலைப்பில் மிச்சம் இருந்தாலும் முன் அனுமதி இல்லாத 60,000 ரூபாய் உங்கள் தலையில்தான் விழும். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். வாங்கிய பொருள்களை ஜி.எஃப்.ஆர். 22 சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அனுமதி இன்றி அவற்றை விற்கவோ கழிக்கவோ முடியாது.

கேள்வி: எந்த நூல்களை இணையத்தில் ஏற்றலாம்?

பதில்: பதிப்புரிமை தீர்ந்த நூல்களை. ஆசிரியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் ஜனவரி 1 முதல் 60 ஆண்டு எண்ணுங்கள். 1960இல் மறைந்தவரின் நூலுக்கு உரிமை 2020 டிசம்பர் 31 வரை இருந்தது. முன்னுரை எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. கோட்டை விடும் இடம் இதுதான். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய (உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கிய) நூல்களுக்கு வாரிசுகளின் அனுமதி வேண்டாம், அரசாணை எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். உரிமை தீராத நூலையும், அச்சுப் பிரதி கையில் இருந்தால், வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். அது சேமிக்க மட்டுமே, இணையத்தில் ஏற்ற அல்ல.

கேள்வி: பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளை ஓட்டினோம். தேடினால் எதுவும் அகப்படவில்லை.

பதில்: நூல்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவையா என்று பாருங்கள். அந்தக் கால அச்சில் துதிக்கை போல் வளைந்த ‘லை’, ‘னை’யும் பழைய ‘றா’, ‘னா’வும் இருக்கும், மென்பொருள் அவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடும். எல்லாப் பக்கத்தையும் திருத்தக் காசு இராது. தலைப்பு, பொருளடக்கம், ஆசிரியர் பெயரையாவது கையால் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை அப்படியே ஏற்றினாலும் தேடல் படுத்துவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 (UTF-8) ஆகச் சேமியுங்கள்.

கேள்வி: மானியத்தில் அறிவியல் காணொளிகள் தயாரிக்கிறோம். குரல் கொடுப்பவரிடம் என்ன எழுதி வாங்குவது?

பதில்: உரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம், எல்லை (எந்த நாடுகளில் செல்லும் என்பது) இரண்டும் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான்; எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். பாட ஆசிரியர், ஓவியர், இசையமைப்பவர் எல்லோரிடமும் இப்படியே வாங்குங்கள்.

கேள்வி: திட்டம் மூன்று ஆண்டில் முடியும். அதன்பின் சர்வர் வாடகையை யார் கட்டுவது?

பதில்: விண்ணப்பத்திலேயே பெயர் சொல்லி எழுத வேண்டிய பதில் இது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2000 முதல் நிதி கொடுத்து வளர்த்த தேசிய அறிவியல் டிஜிட்டல் நூலகமே பின்னாளில் வேறொரு கல்வி நிறுவனத்தின் தளத்துக்குக் குடிபெயர்ந்தது. டிஸ்பேஸ் (DSpace) போன்ற திறந்த நூலக மென்பொருளில், டப்ளின் கோர் (தலைப்பு, ஆசிரியர் போன்றவற்றைப் பதியும் பொதுத் தரம்) விவரங்களோடு வைத்தால் இன்னொருவர் தூக்கிச் செல்வது எளிது. தனியாள் எழுதிக் கொடுத்த மென்பொருளில் வைத்தால் அவர் போனதும் கதவு சாத்திக்கொள்ளும். மூல டிஃப் கோப்புகளும் விவரப் பட்டியலும் ஒப்பந்ததாரரிடம் இல்லாமல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். கடைசித் தவணையை அவற்றைத் திறந்து பார்த்த பிறகே கொடுங்கள்.