‘தி கிரீன் நைட்’ படம் மூலக் கவிதையைக் கெடுத்துவிட்டதா?

கேள்வி: 2021-இல் வந்த ‘தி கிரீன் நைட்’ பார்த்தேன். கடைசிவரை எதுவும் புரியவில்லை. பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தழுவியது என்கிறார்கள். மூலத்தைக் கெடுத்துவிட்டார்களா, அல்லது மத்தியகால நைட்டுகளின் (குதிரைவீரர்களின்) கதைகளே திரைக்கு ஒத்துவராதவையா?

பதில்:

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் என்னால் நகர முடியவில்லை. தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் குறிப்பிடும் கவிதையைப் பதினேழு ஆண்டுகள் முதுகலை மாணவர்களுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். வாளும் குதிரையும் கோட்டைப் போரும் இருக்கும் என்று நம்பி நீங்கள் அந்தப் படத்தின் முன் அமர்ந்திருப்பீர்கள். ஓர் இளைஞன் சேற்றிலும் மூடுபனியிலும் இரண்டு மணி நேரம் அலைவதைப் பார்த்துவிட்டு, அவன் தலை போயிற்றா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் படம் முடிந்தபோது ஏமாந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. என் மாணவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. அதை நான் கையாண்ட விதம் இன்றும் என்னை உறுத்துவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கவிதையைச் சொல்லிவிடுகிறேன். ‘சர் காவெய்னும் பச்சை வீரனும்’ என்பது இன்று அதற்கு வழங்கும் பெயர். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடமேற்கு மிட்லண்ட்ஸ் வட்டார வழக்கில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 2,530 வரிகள் அவை. ஒரே ஒரு கைப்பிரதிதான் எஞ்சியது. நூல் சேகரிப்பாளர் ராபர்ட் காட்டனின் நூலகத்தில் இருந்த அது, 1731-இல் அங்கே பற்றிய தீயிலிருந்து தப்பி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1839-இல்தான் முதன்முதலாக அச்சேறியது. வரிதோறும் மோனை ஓடும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஐந்து குறுவரிகள் இயைபோடு வந்து நிற்கும். மோனை கேட்டுப் பழகிய நம் மாணவர்கள், பொருள் புரியாத இடத்திலும் அந்த ஓசையை உடனே பிடித்துக்கொள்வதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

கதை இது. புத்தாண்டு விருந்தில் ஆர்தர் மன்னரின் அவைக்குள் உடலும் குதிரையும் பச்சையாக ஒருவன் நுழைகிறான். தன்னைக் கோடரியால் ஒருவர் வெட்டலாம், ஆனால் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டைத் தன்னிடம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறான். அவையிலிருந்த காவெய்ன் என்ற நைட் வெட்டுகிறான்; வந்தவன் தன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரையேறிப் போகிறான். ஆண்டு முடியும் வேளையில் அவனைத் தேடிப் புறப்படும் காவெய்ன், வழியில் பெர்டிலாக் என்ற பிரபுவின் கோட்டையில் தங்குகிறான். அங்கே இன்னொரு உடன்பாடு செய்துகொள்கிறார்கள்: பிரபு பகலில் வேட்டையாடிக் கிடைப்பதைக் காவெய்னுக்குக் கொடுப்பார், காவெய்ன் கோட்டையில் தனக்குக் கிடைப்பதைப் பிரபுவுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று நாட்கள் பிரபுவின் மனைவி காவெய்னின் படுக்கையருகே வந்து அவனைச் சோதிக்கிறாள். முதல் நாள் ஒரு முத்தம். அன்று வேட்டையில் மான்கள். இரண்டாம் நாள் இரண்டு முத்தங்கள், காட்டுப்பன்றி. மூன்றாம் நாள் மூன்று முத்தங்களோடு, அணிந்தவரை யாராலும் கொல்ல முடியாது என்று சொல்லி ஒரு பச்சைப் பட்டு இடைக்கச்சையையும் தருகிறாள். அன்று வேட்டையில் கிடைத்தது ஒரு நரித்தோல் மட்டுமே. காவெய்ன் முத்தங்களை நாணயமாகப் பிரபுவுக்குத் திருப்பித் தருகிறான். கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான்.

இனி என் வகுப்பு. 2022-இல், பதினான்கு மாணவர்கள் கொண்ட முதுகலை வகுப்பில் நானே அந்தப் படத்தைத் திரையிட்டேன். பாடத்தைப் படமாகக் காட்டிச் சோம்பேறிகளை உருவாக்குகிறேன் என்று உடன் பணியாற்றிய ஒருவர் அப்போதே குறை சொன்னார். இதைப் படிக்கும் சிலரும் அதையே சொல்லக்கூடும். கண்ணால் ஒன்றைப் பார்த்தபின் புத்தகத்தைத் திறக்கும் ஆர்வம் கூடும் என்பது என் அனுபவம், அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் உள்தேர்வில், காவெய்னின் குற்றம் எது, அதற்குக் கிடைத்த தண்டனை எது என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன், காவெய்ன் அஞ்சி ஊருக்கு ஓடிவந்து, அரசனாகி, மகனைப் போரில் பறிகொடுத்து, இறுதியில் தலை விழுந்து மடிந்தான் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவை படத்தின் கடைசி நிமிடங்களில் காவெய்னின் மனக்கண்ணில் ஓடும் காட்சிகள். கவிதையில் இல்லவே இல்லை. இரண்டு பக்கத்தையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்துச் சுழியம் போட்டேன்.

அவன் மறுநாள் வந்தான். மாலை நேரத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தபடி படித்தவன். நூலகத்தில் இருந்த ஒரே பிரதி அவன் கைக்கு வரவில்லை என்பதும், படத்தைக் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் பார்த்துத்தான் தேர்வுக்குத் தயாரானான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபமோ அழுகையோ இல்லாமல் அவன் கேட்டது இதுதான்: “நான் எழுதினது தப்புன்னு தெரியுது மேடம். ஆனா அந்த அம்மா முத்தம் கொடுத்ததுக்கும் கோடாலிக்கும் என்ன சம்பந்தம்னு படத்துல எங்கயுமே இல்லையே?”

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. மறுநாள் பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கவிதையின் நான்காம் பகுதியை ஒரு மணி நேரம் வாய்விட்டு வாசித்தேன். பச்சை வீரன் வரச்சொன்ன பச்சைத் தேவாலயத்தில் காவெய்ன் கழுத்தைக் குனிந்து கொடுக்கிறான். முதல் வெட்டு இறங்கும்போது தோள் சற்றே நடுங்குகிறது. பச்சை வீரன் கோடரியை நிறுத்திக்கொண்டு ஏளனம் செய்கிறான். இரண்டாவது வெட்டும் பாசாங்கு. மூன்றாவதில் கழுத்துத் தோல் மட்டும் கீறி, பனியில் இரத்தம் தெறிக்கிறது. அப்போதுதான் அவன், தானே அந்தப் பிரபு, மனைவியை அனுப்பியதும் தானே என்பதைச் சொல்கிறான். இரண்டு நாள் நாணயமாக நடந்துகொண்டதற்கு இரண்டு போலி வெட்டுகள். மூன்றாம் நாள் மறைத்ததற்கு அந்தக் கீறல். உயிர்மேல் உள்ள ஆசையால்தான் மறைத்தாய், ஆகவே உன்னை அதிகம் குறை சொல்லமாட்டேன் என்கிறான். அந்த இடத்தில் கடைசி வரிசையிலிருந்து அதே மாணவனின் குரல் கேட்டது: “அப்ப தீர்ப்பு படுக்கையறையிலேயே முடிஞ்சிருச்சா மேடம்!”

பதினேழு ஆண்டுகளில் இந்தக் கவிதையைப் பற்றி என் வகுப்பில் சொல்லப்பட்ட சிறந்த வாக்கியம் அது. உள்மதிப்பெண் பட்டியல் அதற்குள் அனுப்பப்பட்டுவிட்டதால் அவனுடைய சுழியத்தை என்னால் திருத்த முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அவன் வாக்கியத்திலேயே இருக்கிறது. கதையை மாற்றியதற்காக இயக்குநர் டேவிட் லோவரிமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இக்கதைகள் எழுதப்பட்ட காலத்திலிருந்தே ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்லி வளர்ந்தவைதான். தலைவெட்டும் பந்தயமே இக்கவிஞரின் சொந்தக் கற்பனை அன்று. அயர்லாந்தின் ‘பிரிக்ரியுவின் விருந்து’ என்ற பழங்கதையில் அதே சோதனைக்குக் கூ ஹுலின் என்ற வீரன் கழுத்தை நீட்டுகிறான். அந்தப் பந்தயத்தையும் கோட்டைக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் ஒரே முடிச்சாகப் போட்டதில்தான் பெயரற்ற அந்தக் கவிஞரின் மேதைமை இருக்கிறது. படத்தில் அவிழ்ந்துபோனது அந்த முடிச்சு. படத்தில் மூன்று நாள் ஒழுங்கு இல்லை. மூன்று வெட்டுகளுக்குக் கணக்கும் இல்லை. பிரபுவும் பச்சை வீரனும் ஒருவரே என்று யாரும் சொல்வதில்லை. கச்சையைத் தொடக்கத்திலேயே காவெய்னின் தாய் கொடுத்துவிடுகிறாள். திருடர்களிடம் அதை இழந்து, பின்பு பிரபுவின் மனைவியிடமிருந்து பெறுகிறான். அதனால் அது ஒரு தாயத்தாக மட்டும் நிற்கிறது. அதை மறைத்தது ஒரு நண்பரிடம் செய்த பொய் என்ற உறுத்தல் பார்ப்பவருக்கு வருவதில்லை.

இன்னொரு மாற்றமும் உண்டு. கவிதையின் காவெய்ன் அவையிலேயே மிகச் சிறந்த நைட். கேடயத்தில் பொறித்த ஐம்முனை நட்சத்திரத்தின் பொருளை விளக்கவே கவிஞர் பல வரிகளைச் செலவிடுகிறார். அப்படிப்பட்டவனும் ஓர் இடத்தில் சறுக்குகிறான் என்பதால்தான் அந்தச் சிறு கீறல் வலிக்கிறது. படத்தின் காவெய்ன் இன்னும் நைட் ஆகாத, குடித்துத் திரியும் இளைஞன். விழ உயரம் இல்லாதவனை விழவைப்பதில் என்ன இருக்கிறது என்று நீண்ட நாள் எரிச்சல்பட்டேன். நான்காவது முறை பார்த்தபோதுதான், லோவரி சொல்வது எதிர்த்திசைக் கதை என்று ஏற்றுக்கொண்டேன்: கச்சையோடு வாழ்ந்தால் தன் வாழ்க்கை என்னவாகும் என்பதை ஒரு கணத்தில் கண்டுவிட்டு, அவனே அதைக் கழற்றிவைத்துக் கழுத்தைக் குனிகிறான். கவிதையில் வெட்டு விழுந்து உண்மை வெளிப்பட்ட பிறகுதான் அவன் அதைக் கழற்றி எறிகிறான். அந்த முடிவு மூலத்துக்குத் துரோகம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அது கவிதைக்குச் சொல்லப்பட்ட நேர்மையான மறுமொழி.

பயணக் காட்சிகளையும் நான் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. நாகங்களோடும் ஓநாய்களோடும் காட்டுமனிதர்களோடும் அரக்கர்களோடும் காவெய்ன் போரிட்டதைக் கவிஞர் சில வரிகளில் கடந்துவிட்டு, அந்தப் போர்களைவிடக் குளிர்காலமே கொடியது என்கிறார். உறைபனியில் இரும்புக் கவசத்தோடே பாறைகளுக்கிடையில் அவன் உறங்கினான் என்று எழுதுகிறார். அயர்லாந்தில் எடுக்கப்பட்ட அந்த ஈரமான, ஆளற்ற நிலக்காட்சிகளில் அந்தக் குளிரை நான் உணர்ந்தேன்.

இந்திய வம்சாவளி நடிகர் தேவ் படேலைக் காவெய்னாக நடிக்கவைத்ததே வரலாற்றுப் பிழை என்று இணையத்தில் எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கவிஞர் வோல்ஃப்ராம் எழுதிய ‘பார்ட்சிவால்’ காவியத்தில் நாயகனின் தந்தைவழி அண்ணன் ஃபைரஃபிட்ஸ் கறுப்பும் வெளுப்பும் கலந்த மேனியுடையவன், கறுப்பின அரசி ஒருத்தியின் மகன். மத்திய டச்சு மொழியில் ‘மோரியன்’ என்ற கறுப்பின நைட்டைப் பற்றித் தனிக் கதையே இருக்கிறது. அதில் காவெய்னே அவனுக்குத் துணை வருகிறான். இவற்றைப் படிக்காதவர்கள் வரலாற்றின் பெயரால் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதேபோல, படத்தின் கதையைக் கவிதையின் கதையாக அச்சிட்டு விற்கும் தேர்வு வழிகாட்டி நூல்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை; கச்சையைக் கொடுத்தது தாய் என்று அச்சடித்த பக்கத்தை ஒரு மாணவி என்னிடமே ஆதாரமாகக் காட்டினாள்.

இக்கதைகள் திரைக்கு ஒத்துவராதவையா என்று கேட்டிருந்தீர்கள். 1978-இல் எரிக் ரோமர் எடுத்த ‘பெர்செவால் லெ காலுவா’ என்ற பிரெஞ்சுப் படத்தைத் தேடிப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் தெ துருவா எழுதி முடிக்காமல் விட்ட, கிரெயில் என்ற புனிதக் கலத்தின் கதை அது. ரோமர் முழுவதையும் அரங்குக்குள் எடுத்தார். மரங்கள் உலோகத்தால் ஆனவை, கோட்டைகள் பொம்மைகள்போல் இருக்கும். பாத்திரங்கள் தம்மைப் பற்றியே படர்க்கையில் கதைசொல்லிக்கொண்டு நடிப்பார்கள். தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும். ஆனால் விருந்தில் கிரெயில் கடந்துபோகும்போது பெர்செவால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் மௌனமாக இருப்பதும், அந்த மௌனமே அவன் குற்றம் என்று பின்னால் தெரியவருவதும் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். கேட்காத கேள்வியும் மறைத்த கச்சையும் ஒரே வகையான குற்றங்கள். ரோமர் அந்த முடிச்சைக் கைவிடவில்லை. 1974-இல் ரொபேர் பிரெஸ்ஸோன் எடுத்த ‘லான்சலோ து லாக்’ படம் நேர்மாறான வழியில் சென்றது: மாயமும் மந்திரமும் இல்லை, கவசங்கள் உராயும் ஓசையும், கடைசியில் காட்டில் குவிந்துகிடக்கும் இரும்புடல்களும்தான். அதுவும் பெரும் படைப்பே. ஷான் கானரி பச்சை வீரனாக நடித்த 1984-ஆம் ஆண்டுப் படமோ, இடையில் வேறு சாகசங்களை நிரப்பிக் கதையையே தொலைத்துவிட்டது. அதில் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மீண்டும் ‘தி கிரீன் நைட்’ பார்க்க மனம் வந்தால், அதற்குமுன் கவிதையின் மூன்றாம் பகுதியை மட்டுமாவது சைமன் ஆர்மிடேஜின் 2007-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் படித்துவிடுங்கள். மோனையையும் அவர் காப்பாற்றியிருக்கிறார். காவெய்ன் கச்சையை மறைக்கும் அன்று காட்டில் துரத்தப்படுவது நரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவிதையில், திரும்பிப் போய்விடு, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனுக்கு ஆசைகாட்டுபவன் ஒரு வழிகாட்டி. படத்தில் அவன் கூடவே நடந்துவந்து, இறுதியில் மனிதக் குரலில் திரும்பிப் போகச் சொல்வது ஒரு நரி. பிரபு காட்டில் அவனை மறித்து முத்தத்தைப் பெற்றுக்கொண்டு, பிடித்துவைத்த நரியை அவிழ்த்துவிடும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்துங்கள். லோவரி அந்த முடிச்சின் ஒரு நுனியை அங்கே கையில் பிடித்திருந்தார் என்பது தெரியும்.