கொட்டகையில் ஒரு எண்டர்பிரைஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலில் இருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தூத்துக்குடி ஃபைபர் படகுப் பட்டறையில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருப்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

நாயுடுபுரம் பக்கம் ஒரு பழைய பங்களா விலைக்கு வந்திருக்கிறது. அதன் கார் கொட்டகையில் சின்ன பாய்மரப் படகு ஒன்று கவிழ்த்துக் கிடக்கிறது. ஃபைபர் உடம்பு. பதிமூன்று அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அலுமினியப் பாய்மரம், மரச் சுக்கான், ஒரு பையில் வெளுத்துப்போன நீலப் பாய் எல்லாம் கூடவே இருக்கின்றன. பாயில் ஆங்கில ‘இ’ எழுத்தும் சில எண்களும். சென்னைத் துறைமுகத்தில் ஓட்டிய படகு, வீட்டுக்காரர் மலைக்குக் குடிவந்தபோது கொண்டுவந்தார் என்று வாட்ச்மேன் சொல்கிறார். தண்ணீரைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்குமாம். நாற்பதாயிரம் கேட்கிறார்கள்.

என் மகள் சென்னையில் படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப் படகு ஓட்டப் பழகியவள். படகைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. என் மச்சானோ, “ஃபைபருக்கு ஆயுசே இருபது வருஷம்தான். காயலான் கடைக்குப் போகவேண்டியதைக் காசு கொடுத்து வாங்குவீர்களா?” என்கிறார். வாங்கலாமா? கொடைக்கானலில் வைத்தே சரிசெய்ய முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீலப் பாய், ‘இ’ எழுத்து, பதிமூன்றேகால் அடி நீளம். உங்கள் கொட்டகையில் கிடப்பது எண்டர்பிரைஸ் வகைப் படகு. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது. முதலில் ஒட்டுப்பலகையில் செய்தார்கள், பிறகு ஃபைபரிலும் வந்தது. இந்தியாவில் கிளப்களிலும் ராணுவத்திலும் பல தலைமுறை பாய்ப் படகு பழகியது இதில்தான். உங்கள் மகளுக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

வாங்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதற்கும் முன்னால் உங்கள் மச்சானுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஃபைபருக்கு இருபது வருஷம் ஆயுசு என்பது தப்பு. கண்ணாடி இழையும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்தது ஃபைபர். காங்கிரீட்டில் கம்பி செய்கிற வேலையை இதில் இழை செய்கிறது, சிமெண்ட் செய்கிற வேலையை ரெசின் செய்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இந்தக் ‘கம்பி’ துருப்பிடிக்காது. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் அமெரிக்காவில் வார்த்த ஃபைபர் பாய்ப் படகுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. அமெரிக்காவின் பியர்சன் ட்ரைட்டன் 1959இல் வந்தது, 28 அடிப் படகு. அதைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பதற்கென்றே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது இந்தப் பொருளை எவ்வளவு நம்பலாம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் தாராளமாக, கனமாக வார்த்தார்கள். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, கோல்டன் குளோப் என்கிற தனியாள் உலகச் சுற்றுப் போட்டியில் 2023இல் இரண்டாவதாக வந்தார். 1988க்கு முன்னால் வடிவமைத்த படகுக்குத்தான் அந்தப் போட்டியில் இடம். அவர் ஓட்டியது ரஸ்ட்லர் 36 என்ற பழைய வகை ஃபைபர் படகு. நடுவில் எங்கும் நிறுத்தாமல் உலகத்தைச் சுற்றி வந்தார்.

அப்படியானால் பழைய ஃபைபர் படகு எதனால் வீணாகிறது? ஃபைபருக்குள் ஒளித்துவைத்த மரத்தால். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாய்மரம் நிற்கிற அடிக்கட்டை, சுக்கான் மாட்டுகிற பின்பலகை, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் வந்து சேர்கிற இடம் என்று பலம் வேண்டிய இடத்திலெல்லாம் உள்ளே ஒரு மரத்துண்டை வைத்து மேலே ஃபைபர் போட்டு மூடியிருப்பார்கள். ஒரு திருகாணி தளர்ந்தால் போதும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும், வெளியே வர வழி இருக்காது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். பெரிய படகுகளில் மேல்தளம் முழுக்க இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்திருப்பார்கள். அங்கே ஊறிவிட்டால் தளத்தையே அறுத்துத் திறக்கவேண்டும். உங்களுடையது சின்னப் படகு, அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

ஆகவே கொட்டகைக்குப் போனால் வெளிறிய நிறத்தையும் கீறலையும் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதெல்லாம் மேல்பூச்சு, ஜெல் கோட் என்பார்கள், அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். நீர்ப்பேப்பரும் பாலிஷும் வாங்கிக் கொடுத்தால் மகள் ஒரு வாரத்தில் அதை ஒளிரவைத்துவிடுவாள்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டறையில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். பழுதுக்கு வரும் ஒவ்வொரு படகையும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். அதுவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பேசும். ஊறிய இடமும் அடுக்கு பிரிந்த இடமும் ‘தொப் தொப்’ என்னும். சுண்ணாம்புக் கட்டியால் அங்கே வட்டம் போட்டுவிட்டு நகர்வார். நீங்களும் அந்த நாணயத்தால் பின்பலகையில் ஆரம்பித்து ஒவ்வொரு அங்குலமாகத் தட்டுங்கள். சத்தம் மாறும் இடத்துக்குக் காது தானாகவே பழகிவிடும். வட்டங்கள் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பின்பலகை முழுக்க ஒரே வட்டமாகிவிட்டால் கேட்கும் விலையில் பாதிக்கும் குறைவாகப் பேசுங்கள்.

அப்புறம் படகை எடை போடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. எண்டர்பிரைஸின் வெற்றுடம்பு 95 கிலோவை ஒட்டித்தான் இருக்கவேண்டும். பழைய படகு, உள்ளே மாட்டிய சாமான்கள் என்று கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. நாற்பது, ஐம்பது கிலோ கூடினால் அது பெரும்பாலும் உள்ளே தங்கிய தண்ணீர். உங்கள் ஊர்க் காய்கறி மண்டிகளில் கேரட் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை அரை நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். படகின் இரு முனைக்கும் அடியில் ஒவ்வொரு கட்டை வையுங்கள். பின்பக்கக் கட்டையைத் தராசின் மேலும் அணியத்து, அதாவது முன்பக்கக் கட்டையை அதே உயரத்தில் தரையிலும் வைத்து எடை பாருங்கள். பிறகு தராசை அணியத்துப் பக்கம் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் முழு எடை.

பக்கவாட்டில் மூடிய காற்றறைகள் இருக்கும். படகு கவிழ்ந்தால் மிதக்கவைப்பது அவைதான். மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவுங்கள். சொட்டு ஈரம் இருந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மூடியபின் ஒரு குழாயை வைத்து வாயால் ஊதச் சொல்லி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைப் பூசினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். வாயால் மட்டும்தான் ஊதவேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்தால் அறையே பிளந்துவிடும்.

சரி, கொடைக்கானலில் வைத்துச் சரிசெய்ய முடியுமா? முடியும். ஆனால் உங்கள் குளிர்தான் இதில் பெரிய எதிரி. நான் இருக்கும் கோத்தகிரியிலும் இதே பாடுதான்.

கரையில் யாரைக் கேட்டாலும் ரெசின் சீக்கிரம் இறுகிவிடுகிறது என்றுதான் புலம்புவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. அந்தக் கைகள் கற்றதெல்லாம் வெயிலில் கற்றது. மலையில் கதை நேர் எதிர். சாதாரண பாலியெஸ்டர் ரெசினுக்கு இருபது டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் சுகம். பதினைந்துக்குக் கீழே போனால் மந்தமாகும், பத்துக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றேவிடும். நின்றுபோனது மறுநாள் வெயில் வந்தாலும் முழுசாக இறுகுவதில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பலம் மட்டும் வந்திருக்காது. சீக்கிரம் இறுகட்டும் என்று இறுகவைப்பதற்குக் கலக்கும் ஹார்டனரை அள்ளி ஊற்றுவது ஆபத்தான பழக்கம். நூற்றுக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு பங்குதான் கணக்கு.

ஆகவே கார்த்திகை, மார்கழியில் பிசின் வேலையைத் தொடவே தொடாதீர்கள். அந்த மாதங்களைக் காயவைப்பதற்கு ஒதுக்குங்கள். முதலில் நல்ல தண்ணீரால் படகை உள்ளும் புறமும் கழுவுங்கள். கடலில் ஓடிய படகில் உப்பு இருக்கும், உப்பு இருக்கும்வரை ஈரத்தை விடாது. பிறகு மூடிகளைத் திறந்து, காற்றோட்டமான கொட்டகையில் தரையிலிருந்து உயர்த்திக் கவிழ்த்து வையுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் உங்கள் காலம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பிற்பகல் இரண்டுக்குள் ரெசின் வேலையை முடித்துவிடவேண்டும். ரெசினைக் கலந்த கிண்ணத்தின் அடியில் மிச்சம் வைத்துப் படகின் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். அதை மட்டும் பார்த்துப் படகு இறுகிவிட்டது என்று நம்பாதீர்கள். கிண்ணத்தில் மொத்தமாக இருப்பதால் அது தன் சூட்டிலேயே முன்னால் இறுகும். மெல்லிசாகப் பரவிய ரெசின் பின்னால்தான் வரும். கிண்ணமே பிசுபிசுத்தால் வேலை தேறவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பழைய ஃபைபர் மேல் பிடிக்கவேண்டிய பழுதுக்கு எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின்தான் நல்லது. விலை கூடுதல், பிடிப்பும் கூடுதல். எபாக்சி வாங்கினால் சாதாரண மேட், அதாவது துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு, வாங்காதீர்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும். நெய்த கண்ணாடித் துணி கேளுங்கள். ஓட்டையை அப்படியே மூடாமல், சுற்றிலும் சரிவாகத் தேய்க்கவேண்டும். தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு. நாலு மில்லிமீட்டர் தடிமன் என்றால் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம். குளிரும் மூடுபனியும் சேர்ந்தால் எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் ஏறும். அடுத்த அடுக்குக்கு முன் அதை வெறும் தண்ணீரும் ஸ்கிரப்பரும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் தேய்க்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மகளுக்கும் படித்துக் காட்டுங்கள். பாலியெஸ்டர் வேலைக்குக் கடையில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், ஹார்டனர் என்று இரண்டு புட்டி தருவார்கள். இரண்டையும் ஒருபோதும் நேராகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அது கலந்தபின்தான் ஹார்டனர். மதுரையிலிருந்து வாங்கிவரும்போதே இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள். வத்தலக்குண்டு வெயிலில் காரைப் பூட்டி அவற்றை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை. தேய்த்து முடித்ததும் பச்சைத்தண்ணீரில் குளியுங்கள், கொடைக்கானல் குளிரானாலும் சரி. வெந்நீர் ஊற்றினால் இழைத்தூள் தோலுக்குள் இன்னும் இறங்கி அரிக்கும்.

கம்பிகளையும் கயிறுகளையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். பாயைச் சூரியன் தின்றிருக்கும். விளிம்பை நகத்தால் இழுத்துப் பாருங்கள். தையல் பிரிந்தால் மறுபடி தைக்கலாம், துணியே கிழிந்தால் புதுப் பாய்தான். ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். படகின் விலையைவிடப் பாயும் கம்பியும் கயிறும் சேர்த்துக் கூடுதலாகலாம். பேரம் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஏரிதான் ஆசை என்று ஊகிக்கிறேன். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அந்த ஏரியை உண்டாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே என்பார்கள். ஏரியில் சொந்தப் படகை இறக்க அனுமதி உண்டா என்று நகராட்சியில் முதலில் கேளுங்கள், அதுவும் படகுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். நீலகிரிப் பக்கம் எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் மின்வாரிய நீர்த்தேக்கங்கள், அங்கே இன்னும் கஷ்டம். அனுமதி கிடைக்காவிட்டாலும் படகு வீணாகாது, கீழே கொண்டுபோய் ஓட்டலாம். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்தான் இருக்கிறது, இந்தப் படகு வந்த தண்ணீரும் அதுவே. கொண்டை ஊசி வளைவுகளில் இருபது அடிப் பாய்மரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அதிகாலையில் இறக்குங்கள்.

ஏரியில் அனுமதி கிடைத்தால் மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஏழாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று பாயைத் தள்ளும் பலமும் அந்த அளவு குறையும். ஆனால் அந்த ஏரி கைகால் நீட்டிப் படுத்த நட்சத்திர வடிவம், சுற்றிலும் மேடும் மரமும். காற்று ஒரு முனையில் செத்துக் கிடக்கும், அடுத்த முனை திரும்பியதும் பக்கவாட்டில் அறையும். எண்டர்பிரைஸ் துடிப்பான படகு, சட்டென்று கவிழும். தண்ணீர் குளிர்ச்சி. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் கரையை விட்டு நகரக்கூடாது, நீச்சல் தெரிந்தாலும். படகை ஏரியிலேயே கட்டிப்போடவும் வேண்டாம். கடல்நீரைவிட நன்னீர்தான் ஜெல் கோட்டுக்கு அடியில் சீக்கிரம் ஊடுருவிக் கொப்புளம் கிளப்பும். ஓட்டி முடித்ததும் கரையேற்றித் துடைத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

இந்த வாரம் நாணயத்தோடு போய்ப் பின்பலகையைத் தட்டுங்கள். சுண்ணாம்பு வட்டங்களோடு ஒரு போட்டோ, இரு முனை எடை, காற்றறைக்குள் என்ன இருந்தது என்று மூன்றையும் அனுப்பினால் எவ்வளவுவரை விலை கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்