பிரபலத்தின் பெயரில் உள்ள டொமைன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஒரு நடிகர் அல்லது அரசியல்வாதியின் பெயரில் வேறொருவர் டாட் காம் வாங்கி வைத்திருந்தால், அந்தப் பிரபலம் அதைக் கேட்டு வாங்க முடியுமா?

முடியும். ஆனால் "இது என் பெயர்" என்று சொன்னால் மட்டும் போதாது. வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் தொழில், இந்தக் கேள்வி என்னிடமே பலமுறை வந்திருக்கிறது.

டொமைன், அதாவது இணைய முகவரி, விற்கும் நிறுவனம் அந்தப் பெயர் உங்களுடையதா என்று கேட்காது. யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்குக் கொடுத்துவிடும். தகராறு வந்தால், இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த, யூடிஆர்பி எனப்படும் டொமைன் தகராறு விதிகளின்படி ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் புகார் கொடுக்கலாம். அங்கே மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்கிறது, வாங்கியவருக்கு நியாயமான உரிமை எதுவும் இல்லை, கெட்ட எண்ணத்தோடுதான் வாங்கி வைத்திருக்கிறார். மூன்றில் ஒன்று தவறினாலும் புகார் தள்ளுபடி.

ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் இப்படிப் புகார் கொடுத்து 2000ஆம் ஆண்டில் வென்றார். அவர் தன் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கவில்லை. நடிப்புத் தொழிலில் அந்தப் பெயருக்கே தனி அடையாளம் உண்டாகிவிட்டது என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எதிராளி ஐம்பதுக்கும் மேற்பட்ட டொமைன்களை வாங்கிக் குவித்திருந்தார், அவற்றில் நடிகர் அல் பசினோவின் பெயரும் இருந்தது. ஜூலியாவின் பெயரை ஈபேயில் ஏலத்துக்கும் விட்டிருந்தார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த ஆண்டே பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தோற்றார். கனடாவைச் சேர்ந்த ஜெஃப் பர்கர் என்பவர் அவர் பெயரிலான டாட் காமை வாங்கி, தன்னுடைய பிரபலங்கள் பற்றிய தளத்துக்குத் திருப்பி விட்டிருந்தார். மூன்று நடுவர்களில் இருவர் பர்கர் பக்கம். ஒருவர் பெயரில் இருக்கும் தளமெல்லாம் அவருடைய சொந்தத் தளம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்றார்கள். ஸ்பிரிங்ஸ்டீனின் அதிகாரப்பூர்வத் தளம் டாட் நெட்டில்தான் இருந்தது. ஆனால் 2006இல் நடிகர் டாம் குரூஸ் வழக்கில் இதே பர்கர், இதே போலத் திருப்பிவிட்ட டொமைனை இழந்தார். மேல்முறையீடு என்ற படியே இல்லாத முறை இது, அதனால் எந்த நடுவர் கையில் விழுகிறது என்பதும் முடிவை மாற்றும்.

அரசியல்வாதிகள் நிலைமைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்த கேத்லீன் கென்னடி டவுன்சென்ட், தன் பெயரிலான டொமைனுக்காகக் கொடுத்த புகாரில் 2002இல் தோற்றார். பெயரை வைத்து எதையும் விற்காததால் அதில் டிரேட்மார்க் உரிமை இல்லையாம். நடிகையின் பெயரைப் பார்த்து ஏமாறும் ரசிகருக்குப் பாதுகாப்பு உண்டு, வேட்பாளரின் பெயரைப் பார்த்து ஏமாறும் வாக்காளருக்கு இல்லை. இரண்டில் எது பெரிய ஏமாற்று? 2015இல் ஒபாமாவின் எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெட் குரூஸ் அமெரிக்க அதிபர் தேர்தலில் இறங்கியபோது, அவர் பெயரிலான டாட் காமைத் திறந்தால் "அதிபர் ஒபாமாவை ஆதரியுங்கள்" என்று இருந்தது.

நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அருண் ஜெட்லியின் பெயரிலான டொமைன் விஷயத்தில் 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்போது அவர் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர். அந்தப் பெயரே தனித்தன்மை பெற்றுவிட்டது என்றது நீதிமன்றம். டாட் இன் முகவரி என்றால் அதற்கு ஐஎன்டிஆர்பி என்று தனி விதிமுறை இருக்கிறது.

அப்புறம், இதெல்லாம் பெரிய ஆட்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஒரு நாதஸ்வர வித்வானின் மகன் என்னிடம் வந்தார். அப்பா பெயரில் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் ஈமெயிலில் பதிவு செய்திருக்கிறார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை அவரும் பார்க்கவில்லை, டொமைன் கைவிட்டுப் போய்விட்டது. இப்போது அந்த முகவரியைத் திறந்தால் விளம்பரங்கள், மேலே "இந்த டொமைன் விற்பனைக்கு" என்ற வரி. போனை என்னிடம் நீட்டியபோது அவர் கை நடுங்கியது.

ஒரு டொமைனுக்குப் புகார்க் கட்டணமே 1,500 டாலர் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டாட் இன் காலியாக இருந்தது. அதை அன்றைக்கே அவருடைய ஈமெயிலில், அவருடைய கார்டில் வாங்கினோம். டாட் காமுக்காக என்றாவது புகார் கொடுத்தால் அப்பாவின் பெயர் தொழில் பெயர்தான் என்று காட்ட வேண்டும், அதற்கான பழைய காகிதங்களைத் தேடுங்கள் என்றேன்.

மறுவாரம் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்தார். கோயில் திருவிழா நோட்டீஸ்கள், இரண்டு கேசட் அட்டைகள், அப்புறம் ஓரம் பழுத்துப்போன கல்யாணப் பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் கீழே, "நாதஸ்வரம்" என்று போட்டு, அப்பாவின் பெயர்.